முகிலனைப் பார்க்க வந்தவர்

முகிலன் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது பதினேழு நாள் முடிந்திருந்தது. இருபத்தோராம் நாளோடு எல்லாம் வேர்பிடித்துவிடும். அப்புறம் பிடுங்க முடியாது.

எதைப் பிடுங்குவது என்று கேட்பீர்கள். முதலில் எங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியில் இருக்கிறது ‘இல்லத்தில் வளர்ந்தோர் பதிவேட்டு நிலையம்’. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்தவர்களும், அங்கிருந்து தத்துப் போனவர்களும் பெரியவர்களான பிறகு தங்கள் காகிதங்களைக் கேட்டு இங்கே வருவார்கள். முன்பெல்லாம் நடையாய் நடந்தால் கடைசியில் ஒரு தாள் கிடைக்கும். ஆண் குழந்தை, மாநிறம், நல்ல உடல்நிலை. அவ்வளவுதான். மூன்று வயது வரையிலான வாழ்க்கை அந்த மூன்று விஷயத்தில் முடிந்துவிடும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போகிறவர்களின் முதுகைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

2058இல் பதியம் வந்தது. தொழில்நுட்பம் தாரிகாவுடையது, ஆட்களோடு பேசுவது என்னுடையது என்று அன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொண்டோம். பதியம் என்றால் என்னவென்று விண்ணப்பதாரர் நிரஞ்சனுக்குத் தாரிகா சொன்னதை அப்படியே தருகிறேன். அதைவிட எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியாது.

"உங்க இல்லத்தோட பழைய பதிவேடு, தடுப்பூசி அட்டை, பார்வையாளர் நோட்டு, தாழ்வாரத்து கேமரா படம், எல்லாத்தையும் மெஷின் படிக்கும் சார். படிச்சு, இன்னிக்கு இது நடந்திருக்குன்னு ஒரு காட்சியா சேர்க்கும். அதை உங்க மனசுல வைப்போம். சினிமா பாக்குற மாதிரி இருக்காது, உங்களுக்கே ஞாபகம் வர்ற மாதிரி இருக்கும். ரோஜாக் கிளையை வளைச்சு மண்ணுல புதைக்கிறோம்ல, அந்த மாதிரிதான். மூணு வாரத்துல வேர் விட்டுரும். அதுக்குள்ள வேணாம்னா சொல்லுங்க, எடுத்துரலாம். அப்புறம் அது உங்களோடது."

நிரஞ்சனுக்கு முப்பத்து நான்கு வயது. காரைக்குடியில் சோலார் தகடுகள் பழுதுபார்க்கும் வேலை. 2032 டிசம்பரில், சுமார் மூன்று வயதில், குளித்தலைக்கு வெளியே இருந்த ‘கருணை நிழல்’ இல்லத்திலிருந்து அவரைத் தத்தெடுத்திருந்தார்கள். எடுத்தவர்கள் அருமையான மனிதர்கள். அதை அவரே நாலு தடவை சொன்னார். அந்த இல்லம் மூடிப் பல காலமாகிவிட்டது. அதன் சேர்க்கைப் பதிவேட்டில் பாதியைச் செல் அரித்திருந்தது. தத்து உத்தரவில் அவருடைய பழைய பெயர் முகிலன் என்று மட்டும் இருந்தது.

வருகிறவர்களிடம் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன், என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று. பெரும்பாலானவர்கள் அம்மா யார் என்பார்கள், ஏன் விட்டார்கள் என்பார்கள். நிரஞ்சன் வேறு ஒன்றைக் கேட்டார்.

"நான் அங்க இருந்தப்ப என்னைப் பாக்க யாராச்சும் வந்தாங்களா மேடம்? அது தெரிஞ்சா போதும்."

வந்திருந்தார்கள். பார்வையாளர் நோட்டில் சுகன்யா என்ற பெயர் இருபத்தொன்பது முறை இருந்தது. பார்க்க வந்த குழந்தை: முகிலன். உறவு: அம்மா. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைதோறும் வந்திருக்கிறாள், இடையில் நாலைந்து மாதம் தவிர. கேமராவிலும் அவள் இருந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் மொட்டைத்தலைப் பிள்ளையை வைத்துக்கொண்டு, அவித்த கடலையை உரித்து உரித்து அதன் வாயில் போடுவாள். மெஷின் பதினான்கு காட்சிகள் சேர்த்தது. மூன்று பிற்பகல்களில் நிரஞ்சனுக்குப் பதியம் போட்டோம்.

மூன்றாம் நாள் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தபோது முகமே வேறாக இருந்தது. வாசல் வரை போய்த் திரும்பி வந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி போன் செய்து, அவர் இப்போதெல்லாம் பாத்திரம் கழுவும்போது பாடுகிறார் என்றாள். சுகன்யாவைச் சந்திக்க அனுமதி கேட்டு அவர் தனி விண்ணப்பமும் போட்டார். அந்த அம்மா கரூரில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். சந்திக்கச் சம்மதமா என்று கடிதம் அனுப்பினோம், சம்மதம் என்று பதிலும் வந்தது. இருபத்திரண்டாம் நாள் என்று முடிவானது.

சந்திப்புக்கு முன்னால் மூலக் காகிதங்களை ஒருமுறை கையால் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தாரிகா கேலி செய்வாள். பதியம் போடுவதற்கு முன்னால் அல்லவா பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. நியாயம்தான். பதினேழாம் நாள் இல்லத்தின் உயரப் பதிவேட்டைத் திறந்தேன். மாதாமாதம் மருத்துவர் வந்து பிள்ளைகளை அளந்து எழுதிய நோட்டு. முகிலன், 2031 ஜனவரி, தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். முகிலன், பிப்ரவரி, எழுபத்தொன்பது.

வளர்கிற பிள்ளை குட்டையாகுமா?

தாரிகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மெஷினின் குறிப்பைத் தேடி எடுத்தாள். "எழுத்தர் பிழை ஒன்று. சரிசெய்யலாமா?" என்று மெஷின் கேட்டிருந்தது. "சரி" என்று ஒருவர் அழுத்தியிருந்தார். அந்த ஒருவர் நான். அன்றைக்கு ஏழு கோப்புகள் இருந்தன, மதியச் சாப்பாட்டுக்கு வேறு நேரமாகிவிட்டது. இதையெல்லாம் காரணம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"ஒரே பேரு, ஒரே இல்லம், எல்லாத்துக்கும் மொட்டை. மெஷின் ஒரே ஆளுன்னுதான் எடுத்துக்கும். அதை ஏன்னு கேக்கத்தானே உங்களை வெச்சிருக்கு" என்றாள் தாரிகா. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் குளித்தலைக்குப் போனேன். அந்த இல்லத்தில் ஆயாவாக இருந்த அமுதவள்ளி அங்கே மகள் வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது, ஆனால் பேச்சில் தடுமாற்றமில்லை. முகிலன் என்று ஆரம்பித்ததுமே எந்த முகிலன் என்று கேட்டார்.

அவர் சொன்னது இதுதான். இல்லம் ஆரம்பித்தபோது கரூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தட்டு, டம்ளர், கிண்ணம் கொடுத்தார். நம் ஊரில் பாத்திரம் கொடுத்தால் பெயர் வெட்டாமல் கொடுப்போமா? தனக்குப் பிடித்த பன்னிரண்டு பெயர்களை அவரே தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு செட்டிலும் ஒரு பெயரை வெட்டிக் கொடுத்துவிட்டார். அப்புறம் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் எந்தத் தட்டு காலியோ அந்தப் பெயர். ஒரு பிள்ளை தத்துப் போனால் தட்டு அடுத்த பிள்ளைக்கு வரும், பெயரும் கூடவே வரும். சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டுச் சரியாகத்தான் எழுதினார்களாம். ஆனால் தினசரி நோட்டுகளில் எல்லாம் தட்டுப் பெயர்தான். செல் அரித்தது எண் இருந்த பதிவேட்டை.

"பேரு வெட்டுன தட்டைத் தூக்கியா போட முடியும்? புள்ளைக்கு எந்தப் பேரா இருந்தா என்ன, சோறு திங்கணும்" என்றார் அமுதவள்ளி. அவர் மனதில் தவறு என்று எதுவும் இல்லை. ஐந்தாறு பிள்ளைகளை இரண்டு இடுப்பில் சுமந்தவரிடம் நான் என்ன நியாயம் பேசுவது.

முதல் முகிலன் சுகன்யாவின் மகன். 2031 ஜனவரியில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். தாய் வந்துதான் பிள்ளையை வாங்கிப் போனாள். பிப்ரவரியில் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்றைப் போலீஸ்காரர்கள் கொண்டு வந்தார்கள். முகிலன் தட்டு காலியாக இருந்தது.

அந்தப் பிள்ளைதான் நிரஞ்சன். அவரைப் பெற்றவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இனிமேலும் இருக்கப்போவதில்லை.

திரும்பும் பஸ்ஸில் நோட்டின் நகலை எடுத்து எண்ணினேன். ஜனவரிக்கு முன் பத்து வருகைகள். ஜனவரிக்குப் பின் பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். மகன் செத்த பிறகு ஒருத்தி எதற்காக அங்கே பத்தொன்பது முறை போக வேண்டும்? அப்புறமும் அவள் ஏன் வந்தாள் என்று நான் அமுதவள்ளியிடமே கேட்டிருந்தேன். அத அந்தப் பொண்ணுகிட்டதான் கேக்கணும் என்று சொல்லிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் கரூர் போனேன். சுகன்யாவுக்கு அறுபது நெருங்கியிருந்தது. வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். தனியாகத்தான் இருந்தார். எங்கள் கடிதத்தைப் பூஜை மாடத்தில் வைத்திருந்தார். கடிதத்தில் முகிலன் என்று மட்டும் போட்டிருந்தோம். எந்த முகிலன் என்று அந்த அம்மா ஒரு நொடியாவது குழம்பியிருக்க வேண்டாமா, செத்த பிள்ளை கடிதம் போடுமா என்று. அவர் குழம்பவில்லை. உயிரோடு இருக்கிறவன்தான் தேடுவான் என்று சாதாரணமாகச் சொன்னார்.

அவர் மகனுக்கு அவர் வைத்த பெயர் பரிதி. அப்போது அவர் ஒரு துணி கம்பெனியின் விடுதியில் தங்கி வேலை பார்த்தார். விடுதியில் பிள்ளை வைத்துக்கொள்ள முடியாது. கட்டியவன் எப்போதோ போய்விட்டான். கொஞ்ச நாள் இல்லத்தில் இருக்கட்டும், தனி வீடு பிடித்ததும் கூட்டிவந்துவிடலாம் என்று விட்டிருந்தார். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமைதான் விடுமுறை.

"பரிதி போனப்புறம் அவன் துணியெல்லாம் வாங்கிட்டு வரலாம்னு போனேன். இல்லத்தப் பாத்துக்குற பெரியம்மா வெளிய போயிருக்காங்க, உக்காருன்னாங்க. உக்காந்தேன். பாத்தா என் கையில கடலைப் பொட்டலம் இருக்கு. பஸ் ஸ்டாண்டுல எறங்குனா வாங்குறது பழக்கம், கை தானா வாங்கியிருக்கு. இந்தப் புள்ள வந்து என் முட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. உரிச்சுக் குடுத்தேன்."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அடுத்த மாதம் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வியோ என்று இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"லீவு வந்துருச்சே மேடம். விடுதியில எல்லாரும் ஊருக்குக் கெளம்புறாங்க. எனக்குப் போக ஒரே எடந்தான் தெரியும்."

நோட்டில் உறவு என்ற இடத்தில் கை தானாக அம்மா என்று எழுதிவிட்டதாம். அடித்துவிடலாமா என்று பார்த்து, அடிக்காமல் விட்டிருக்கிறார். யாரும் கேட்கவும் இல்லை. முதல் இரண்டு மூன்று மாதம் பரிதிக்காகத்தான் போனேன், பொய் சொல்லக் கூடாது, அப்புறம் இவனுக்காகத்தான் போனேன் என்றார். இவனைத் தனக்கே தரச் சொல்லிக் கேட்டும் பார்த்திருக்கிறார். விடுதியில் தங்கி வேலை பார்க்கிற ஒற்றைப் பெண்ணுக்குத் தரச் சட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார்கள். 2032 டிசம்பரில் போனபோது பெஞ்சு காலியாக இருந்தது. பையன் நல்ல இடத்துக்குப் போய்விட்டான் என்று சொல்லி, யாரோ கையில் ஒரு லட்டை வைத்தார்களாம்.

நிரஞ்சன் எங்களிடம் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். எங்கள் கடிதத்தை மாடத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "வந்தேன்னு சொல்லுங்க. அம்மான்னு சொல்லாதீங்க. அவன் பெரியவனாயிட்டான், பொய் எதுக்கு" என்றார். அங்கே உட்கார்ந்து நான் அழுதேன். பணிவிதிகளில் அதற்கு இடமில்லை.

இருபதாம் நாள் காலையில் நிரஞ்சனை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. என் கை அழுத்திய ‘சரி’யையும் சேர்த்தே சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன், உரிமையும் இருந்தது. அவர் தாரிகாவிடம் பட்டியலை வாங்கி, எது எது தன்னுடையது என்று விரல் வைத்துப் பார்த்தார். முதல் ஐந்து பரிதியுடையவை. பின் ஒன்பது அவருடையவை.

"அந்த கேட்டுல தொங்கிக்கிட்டு ஆடுறது?" என்றார்.

அது மூன்றாவது. பரிதியுடையது. அவர் தலையாட்டிக்கொண்டார்.

எடுப்பதற்கு ஒரு மணி நேரம் போதும், வலிக்காது, எங்கோ வைத்த பொருளை மறந்த மாதிரி இரண்டு நாள் இருக்கும், அவ்வளவுதான் என்று தாரிகா விளக்கினாள். நாளை மாலைக்குள் எடுத்தாக வேண்டும். நிரஞ்சன் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

"இந்த அஞ்சை எடுத்தா அது எங்க போவும்?"

எங்கேயும் போகாது, அழித்துவிடுவோம் என்றேன். அந்தப் பையனுக்கென்று கேட்டு வேறு யாராவது வருவார்களா என்றார். விண்ணப்பம் சம்பந்தப்பட்டவரே போட வேண்டும், இறந்தவர் போட முடியாது என்று விதியைச் சொன்னேன். சொல்லும்போதே வாய் கசந்தது.

"அப்ப இருந்துட்டுப் போகட்டும் மேடம்."

இது என் வேலை, தடுத்துத்தான் ஆக வேண்டும். அது உங்கள் வாழ்க்கை இல்லை, பத்து வருஷம் கழித்து எது யாருடையது என்று குழம்பிப்போவீர்கள் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்த மாதிரி இருந்தது.

"குழம்ப மாட்டேன். அஞ்சு பரிதியோடது, ஒம்பது என்னோடது. அவங்க அவனுக்காக வந்த வழியிலதானே எனக்கும் வந்தாங்க. அவன எடுத்துட்டு என்னோடத மட்டும் எப்படி வெச்சுக்குறது?"

பிழை என்று தெரிந்தே வைத்துக்கொள்கிறேன் என எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு படிவம் எங்களிடம் இல்லை. வெள்ளைத்தாளில் வாங்கிக்கொண்டேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பதினான்கும் வேர்பிடித்தன. மேலிடத்துக்கு என் தவறை எழுதி அனுப்பினேன். விசாரணை வரும், வரட்டும்.

இருபத்திரண்டாம் நாள் சுகன்யா பதினொரு மணிக்கே வந்துவிட்டார். சந்திப்பு அறையில் மூன்று நாற்காலிகள், ஒரு மேஜை. சந்திப்பில் நானும் இருக்க வேண்டும் என்பது விதி. நிரஞ்சன் உள்ளே வந்ததும் அந்த அம்மா எழுந்து நின்றார், அதிகாரிக்கு எழுவது போல. அவரும் உட்காரவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள். சாப்பிட்டீர்களா என்றார் நிரஞ்சன். ஆயிற்று, நீங்க சாப்டீங்களா என்றார் சுகன்யா. உட்கார்ந்தார்கள்.

பேச்சு ஓடவில்லை. காரைக்குடியில் மழையா, பஸ் வசதி எப்படி என்று எதையோ சுற்றிக்கொண்டிருந்தார்கள். இது சரிப்படாதோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அப்போது சுகன்யாவே ஆரம்பித்தார்.

"பரிதியோட அஞ்சு நாளு உங்ககிட்ட இருக்குன்னு மேடம் சொன்னாங்க."

"இருக்கு. எடுக்க வேணாம்னுட்டேன். தப்புன்னா சொல்லுங்க."

"ஒண்ணு சொல்லுங்க, கேப்போம்."

நிரஞ்சன் கேட்டில் தொங்கியதைச் சொன்னார். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, வாசலெல்லாம் தண்ணீர், நீங்கள் மஞ்சள் சேலையில் வருகிறீர்கள், அவன் கேட்டில் தொங்கி ஆடிக்கொண்டே உங்களைக் கூப்பிடுகிறான் என்று. சுகன்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை. பிறகு சொன்னார்.

"மஞ்சள் இல்ல. பச்சை. மஞ்சள்ல எனக்குச் சேலையே கெடையாது. மழையும் இல்ல. தண்ணி லாரி வந்து ஒழுகிட்டு நிக்கும் அங்க."

அந்தக் கேமரா கறுப்பு வெள்ளை. நிறத்தையும் மழையையும் மெஷின் தானாகப் போட்டிருக்கிறது. என் கோப்பில் இன்னும் இரண்டு பிழை. ஆனால் நிரஞ்சனின் முகத்தைப் பார்த்தேன். தப்பு என்று சொன்னதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் இதுதான் நடக்கும். நான் தொட்டியில் விழுந்தது நாலு வயதிலா ஐந்திலா என்று அம்மாவும் அக்காவும் இன்றைக்கும் அடித்துக்கொள்வார்கள், விழுந்த என்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அது எனக்குத் தொல்லையாகத்தான் இருந்திருக்கிறது. நீ சொல்வது தப்பு, நான் அங்கே இருந்தேன் என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் ஒருவர் முப்பத்து நான்கு வயது வரை வந்திருக்கிறார். பதிவேடு எத்தனை இருந்தாலும் அது எதிர்த்துப் பேசாது.

நிரஞ்சன் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னோடதுல முதல்ல வர்றது, நான் உங்க முட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சிரிக்கிறேன்."

சுகன்யா கண்ணைத் திறந்தார். அதுவரை வாங்க போங்க என்றிருந்தவர்.

"நீ எங்கடா சிரிச்ச? ரெண்டு மாசம் என்னைப் பாத்தாலே ஓன்னு அழுவ. அழுதுக்கிட்டேதான் கடலைய வாயில வாங்குவ."

நிரஞ்சன் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுகன்யா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, அடுத்ததைச் சொல் என்றார். இன்னும் எட்டு பாக்கி இருந்தன. சந்திப்பில் நான் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.